கல் கிடைத்ததும் வருவேன்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா கொண்டுவந்து விடுவார்; மாலை ஐந்து மணிக்கு வந்து கூட்டிப்போவார். பன்னிரண்டு வயது ஷ்வேதாவுக்கும் அவளுடைய அம்மா பிரபாவுக்கும் நடுவே இருந்த உறவு, கோர்ட்டுக் காகிதத்தின்படி, வாரத்துக்கு ஏழு மணி நேரம். மீதி நேரத்தில் பிரபா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அசிஸ்டெண்டாக இருந்தாள். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அடுத்த சனிக்கிழமைக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கத் தொடங்கினாள்.

ஜெயபாலும் பிரபாவும் பிரிந்த கதையில் சுவாரசியம் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். தட்டு பறக்கவில்லை, மூன்றாம் மனிதர் யாரும் வரவில்லை. ஷ்வேதாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது பிரபா பதவி உயர்வோடு ஷில்லாங்குக்குப் போனாள். ஒரு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனது நான்கு வருடமாயிற்று. முதலில் ஃபோனில் தினமும் பேசினார்கள், பிறகு பேச விஷயம் இல்லாமல் போயிற்று, பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே மனுப் போட்டு, ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோர்ட்டு வாசலில் டீயும் குடித்தார்கள். குழந்தை அப்பாவோடு பழகிவிட்டாள், அங்கேயே இருக்கட்டும் என்று முடிவானபோது பிரபா பெருந்தன்மையாகத் தலையாட்டினாள். அப்படித் தலையாட்டிய தன்னை அவள் அதற்குப் பிறகு ஒருநாள்கூட மன்னிக்கவில்லை.

டெல்லிக்குத் திரும்பி வந்து ஒரு வருடமாகிறது. வந்த முதல் சனிக்கிழமையே ஒரு விஷயம் அவளைக் குத்தியது. ஏழு வயதில், "அம்மா, நீ இங்க வா, நீ ஊட்டு" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்த பெண், "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேட்கிற மாதிரி. அப்பாவை இன்னமும் 'நீ' என்றுதான் அழைக்கிறாள். மரியாதை கொடுத்தே ஒருத்தியை வெளியே நிறுத்திவைக்க முடியும் என்பது பிரபாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எப்போதும் கீழே ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து ஹாரன் அடிக்கிற ஜெயபால், படியேறி மேலே வந்தான். ஷ்வேதா உள்ளே போய் டிவியைப் போட்டதும், வாசலிலேயே நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் சொன்னான்.

"எனக்கு வைசாக் மாத்தல் போட்டுட்டாங்க. ஏப்ரல் முதல் வாரம் போய்ச் சேரணும்."

பிரபா திரும்பி டிவி சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். "ஷ்வேதா?"

"அவகிட்ட சொல்லிட்டேன். என்கூட வரதா, இங்க உன்கூட இருக்கறதா, அவளே முடிவு பண்ணட்டும். மார்ச் கடைசி சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுன்னு சொல்லிருக்கேன். ஸ்கூல்ல டி.சி. வாங்கணும்ல." கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணு மட்டும். நீ அவகிட்ட கேக்கக் கூடாது பிரபா. நானும் கேக்க மாட்டேன். ஆளுக்கு ஒரு கையைப் பிடிச்சு இழுத்தா பாவம் அது."

நியாயமான பேச்சு. ஜெயபாலிடம் எப்போதுமே இருக்கிற குறை அதுதான், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுக்காத நியாயம். "சரி, கேக்க மாட்டேன்" என்று பிரபா வாக்குக் கொடுத்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய அந்த நொடியிலிருந்து அவளுக்குக் கேட்பதற்கு இருந்தது அந்த ஒரே கேள்விதான்.

வாயைக் கட்டிப்போட்ட இந்த நேரத்தில்தான் தமிழ் மிஸ் கொடுத்த ப்ராஜெக்ட் வந்து சேர்ந்தது. தமிழில் ஏதாவது ஒரு சிறுவர் சாகச நாவலைப் படித்து, 'கதைமாந்தர்களும் கருப்பொருளும்' என்று பத்துப் பக்கம் எழுதிக்கொண்டுவர வேண்டும். டெல்லியில் பிறந்து வளர்ந்த குழந்தைகளிடம் இதைக் கேட்பதற்கு அந்த மிஸ்ஸுக்கு எத்தனை தைரியம் இருந்திருக்க வேண்டும்! ஷ்வேதா தமிழை வரிக்கு அடியில் விரலை வைத்துத்தான் படிப்பாள். வல்லின றகரத்தைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பாள்.

ஆனாலும் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். 'உப்புத்தீவின் மந்திரவாதி'. அட்டை இல்லை. படம் இருந்த பக்கங்களை எல்லாம் முன்னால் படித்த புண்ணியவான்கள் கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"படம் இல்லாம எப்படிம்மா படிக்கறது? வெறும் எழுத்துதான் இருக்கு."

"கதை என்னன்னு சொல்லேன், கேப்போம்."

ஷ்வேதா சொன்னாள். மரிக்கொழுந்து என்று ஒரு பெண். கடலோர ஊர். ஒருநாள் அவளுடைய அம்மா திடீரென்று காணாமல் போகிறாள். தலையணைக்கு அடியில் ஒரு சீட்டு. தோணி ஓட்டுகிற மாமா ஒருவர் மரிக்கொழுந்துவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு மீன்குழம்பும் சோறுமாகப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் அவள் அம்மாவைத் தேடி உப்புத்தீவுக்குக் கிளம்பிவிடுகிறாள். அங்கே ஒரு மந்திரவாதி இருக்கிறான். அவன் ஊதுகிற சங்கின் சத்தம் யார் காதில் விழுகிறதோ, அவர்களுடைய கால்கள் தாமாக நடந்து தீவுக்குப் போய்விடும். பேசுகிற ஆமை உண்டு, தண்ணீருக்கு அடியில் அரண்மனை உண்டு, ஏழு காவலர்கள் உண்டு.

"இன்னும் பாதிதான் படிச்சிருக்கேன். ஜல்தி முடிக்கணும்."

பிரபாவின் காதில் விழுந்தது பாதிக் கதைதான். அவள் மனம் தோணிக்கார மாமா வீட்டு மீன்குழம்பிலேயே நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனார்கள். காபிப்பொடி, வெங்காய வடகம், ஷ்வேதாவுக்குப் பிடித்த மரவள்ளி சிப்ஸ். கடைக்காரர் காபிக்கொட்டையை அரைத்துக் கொடுக்கும்வரை காத்திருந்தார்கள். பிரபா நேராகக் கேட்க மாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தாள்? சுற்றி வளைத்துக் கேட்பதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லையே!

"ஏன் ஷ்வேதா, அந்த மரிக்கொழுந்து இருக்காளே, அவளுக்கு அந்த மாமாவைப் பிடிக்குமா, அம்மாவைப் பிடிக்குமா?"

"ரெண்டு பேரையும்."

"இல்ல, கடைசில யாரோட இருப்பான்னு நினைக்கறே? ஒரு... கதைமாந்தர் ஆய்வுன்னு வரும்போது இதெல்லாம் எழுதணும்ல."

ஷ்வேதா சிப்ஸ் பாக்கெட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அப்பாவின் கண்கள் அவளுக்கு. எதையும் அவசரப்பட்டுப் பார்க்காத கண்கள்.

"நீங்க புக்கைப் பத்திதானே கேக்கறீங்க?"

"பின்ன வேற எதை?" என்று பிரபா அசடு வழிந்தாள். அரைத்த காபிப்பொடியின் சூடு பையைத் தாண்டி உள்ளங்கையில் ஏறியது. திரும்பி வரும் வழியில் ரோட்டைக் கடக்கும்போது ஷ்வேதா தானாகவே அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், எதிர்ப்பக்கம் போனதும் விட்டுவிட்டாள். அந்தப் பத்து விநாடியை வைத்துக்கொண்டு பிரபா ஒரு வாரத்தை ஓட்டினாள்.

மார்ச் பிறந்தது. லோதி ரோட்டு இலவ மரங்கள் சிவப்புப் பூக்களைத் தொப்புத் தொப்பென்று நடைபாதையில் போட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சனிக்கிழமை ஷ்வேதா புத்தகத்தை முடித்து, வரைவும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பிரபா சிவப்பு பேனாவை எடுத்துக்கொண்டாள். அலுவலகப் பழக்கம், யார் வரைவு எழுதினாலும் கை துறுதுறுக்கும்.

கதைமாந்தர் பகுதி பரவாயில்லை. ஒற்றுப்பிழைகளைத் திருத்தினாள். 'தோணிக்காரர் குறைவாகப் பேசுவார். ஆனால் சோறு போட மறக்க மாட்டார். அவர் கதாநாயகர் இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் கதாநாயகி முதல் அத்தியாயத்திலேயே பசியால் இறந்திருப்பாள்' என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தாள். திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. கருப்பொருள் பகுதிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

'இந்த நாவலின் கருப்பொருள் காலம் ஆகும். இதில் எல்லோரும் நேற்றைத் தேடுகிறார்கள், அல்லது நாளையைத் தேடுகிறார்கள்.'

"காலமா? இந்தக் கதைல காலம் எங்க வருது?"

"எல்லாப் பக்கத்துலயும் வருதேம்மா! கல், கல்னு."

"கல்லா?"

"கல். இங்க பாருங்க." விரலை வைத்துப் படித்தாள். "'கல் கடலுக்கு அடியில் உறங்குகிறது.' எவ்ளோ அழகா இருக்குல்ல? நாளைக்கு வரப்போற நாள் தண்ணிக்குள்ள தூங்கிட்டு இருக்கு. அச்சா, இது. 'கல்லை ஏழு பேர் காவல் காக்கிறார்கள்.' ஏழு பேர்னா, மத்லப், ஏழு நாள். சண்டே, மண்டே. நான் அதைத் தனிப் பத்தியாவே எழுதியிருக்கேன்."

பிரபாவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்தியில் 'கல்' என்றால் நேற்றும்தான், நாளையும்தான்; இரண்டுக்கும் ஒரே சொல். விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் அந்தச் சொல்லிலேயே வளர்ந்த குழந்தை. மந்திரவாதி ஒளித்துவைத்த மந்திரக்கல்லைத் தேடிப் போகிற கதையை, நூற்று நாற்பது பக்கத்தையும், நேற்றும் நாளையுமாகவே படித்து முடித்திருக்கிறாள்!

"ஐயோ கண்ணு, அது கல்லு! ஸ்டோன். பத்தர்!"

ஷ்வேதா விழித்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "கல்லுன்னா கல்லுன்னு எழுத வேண்டியதுதானே? எதுக்கு பாதி எழுதறாங்க?"

"எழுத்துல கல்னுதான் எழுதுவாங்க. பேசறப்போதான் கல்லு."

"யாரும் பேசாத மாதிரி எதுக்கு எழுதணும்?"

பிரபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. ஏழு காவலர்களை ஞாயிறு, திங்கள் என்று வரிசையாக நிறுத்திவைத்திருந்த பத்தியைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். முறைத்துக்கொண்டிருந்த ஷ்வேதாவும் கடைசியில் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான்கு வருடத்துக்கும் அதற்குப் பின்னாலிருந்த ஒரு வருடத்துக்கும் சேர்த்து, இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இப்படியே இருந்துவிட்டால் போதும் என்று பிரபாவுக்கு இருந்தது.

முதலில் சிரிப்பை நிறுத்தியது ஷ்வேதாதான்.

"அப்போ அந்தச் சீட்டு?"

"எந்தச் சீட்டு?"

"அம்மா தலகாணிக்கு அடில வெச்சுட்டுப் போறாளே. 'கல் கிடைத்ததும் வருவேன்'னு. அந்தப் பேஜ்லயே நான் ரொம்ப நேரம் நின்னேன். நாளைக்குக் கிடைச்சதும் வருவேன்னா ஓகே, ஒரு நாள்தான். நேத்து கிடைச்சதும்னா? நேத்து எப்படிக் கிடைக்கும்? அப்போ வரவே மாட்டா. எழுதின அம்மாவுக்கே ரெண்டுல எதுன்னு தெரியலையோன்னு நினைச்சேன்."

பிரபா சிவப்பு பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்களும் அப்படித்தான் சொன்னீங்க."

"நானா?"

"ஷில்லாங் போறப்போ. டாக்ஸில ஏறறப்போ. எப்ப வருவேன்னு நான் இந்தில கேட்டேன். நீங்க 'கல்'னு சொன்னீங்க." குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ப்ராஜெக்டுக்கு ஓர் உதாரணம் கொடுக்கிற குரல்தான். "அடுத்த நாள் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுதேனாம். நீங்க வருவீங்கன்னு. அப்பா சொன்னார்."

பிரபாவுக்கு அந்த டாக்ஸி ஞாபகம் இருந்தது. பெட்டி, மழைத்தூறல், ஜெயபால் கதவைச் சாத்தியது, எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்த வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள். குழந்தை அதை ஐந்து வருடமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். சொன்னவளோ மறந்தே போனாள். இதைவிடக் கேவலமாக அவள் தன்னை எப்போதும் உணர்ந்ததில்லை.

"பரவால்லம்மா" என்றாள் ஷ்வேதா, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு. "உங்களை ஆபீஸ்ல அனுப்பிட்டாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? இந்த அம்மாவும் அப்படித்தானே. சங்கு ஊதினதும் கால் தானா நடந்துடுச்சு. அவ மேல தப்பு இல்ல." வரைவை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, காலத்தைப் பற்றிய பக்கத்தைக் குறுக்காக அடித்தாள். "இப்ப புதுக் கருப்பொருள் வேணும். 'பிரிவு'ன்னு போட்டுடறேன். 'தாய் தன் விருப்பம் இல்லாமல் பிரிந்து சென்றாள்.' விருப்பம்... சின்ன ர-வா, பெரிய ற-வா?"

சின்ன ர. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பிரபா அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜெயபால் ஐந்து வருடமாக மகளிடம் மூச்சுவிட்டதில்லை. இனியும் விட மாட்டான். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால், இந்தப் பெண் இந்த வீட்டிலேயே தங்கிவிடக்கூடும். இப்போதுதான் சேர்ந்து சிரித்தோம், இப்போதுதான் ஒரு கதவு திறந்தது. ஆனால் விரல் நுனியில் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்த வாக்கியத்துக்கு எழுத்துக் கேட்கிறாள். தான் சொல்லிக்கொடுக்க அவள் எழுதுவதா?

"ஷ்வேதா. என்னை யாரும் அனுப்பலை."

"என்ன?"

"ப்ரமோஷன் வந்தா வேண்டாம்னு எழுதிக் கொடுக்கலாம். எத்தனையோ பேர் கொடுக்கறாங்க. நான் கொடுக்கலை. டெல்லிலேயே கூட ஒரு இடம் இருந்தது. நான்தான் ஷில்லாங் கேட்டேன். கேட்டு வாங்கிட்டுப் போனேன்."

ஷ்வேதா பேனாவின் மூடியைப் போட்டாள். "எதுக்கு?"

"இங்க எனக்கு மூச்சு முட்டற மாதிரி இருந்தது. அப்பா மேல தப்பில்ல. உன் மேல சத்தியமா இல்ல. எனக்குன்னு ஒரு ரூம், நானே பூட்டி நானே திறக்கற மாதிரி... அப்படி ஒண்ணு வேணும்போல இருந்தது. ஒரு வருஷம்னுதான் நினைச்சேன்."

"நாலு வருஷம் ஆச்சு."

"ஆமா."

"அங்க நல்லா இருந்ததா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. "இருந்தது" என்றாள் பிரபா. "தினமும் உன்னை நினைச்சு அழுதேன். நல்லாவும் இருந்தது. ரெண்டும்தான்."

ஷ்வேதா அழவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"நீ பொய் சொன்ன. டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டாங்கன்னு சொன்ன. நான் எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்கம்மாவை கவர்ன்மென்ட் அனுப்பிடுச்சுன்னு. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட, மிஸ்கிட்ட, எல்லார்கிட்டயும்! நீ ஜாலியா கேட்டு வாங்கிட்டுப் போயிருக்க!"

ஒரு வருடமாகப் பிரபா காத்திருந்த 'நீ' அது. இப்படி வந்து சேரும் என்று அவள் நினைத்ததில்லை. ஷ்வேதா புத்தகத்தையும் காகிதங்களையும் பையில் திணித்துக்கொண்டு அப்பாவுக்கு ஃபோன் செய்தாள். மணி இரண்டு. செய்துவைத்த பருப்புப் பாயசம் அடுப்பின்மேல் அப்படியே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. பரீட்சை என்று ஜெயபால் மெசேஜ் அனுப்பினான். அதற்கடுத்த வாரமும் பரீட்சை. பிரபா இரண்டு நாளும் சமைத்தாள், இரண்டு நாளும் மாலை ஐந்து மணிவரை கதவின் தாழ்ப்பாளைப் போடவில்லை. உண்மையைச் சொன்னதற்காக வருத்தப்படுகிறோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஆமாம், வருத்தப்பட்டாள். உள்ளுக்குள் அடித்துக்கொண்டு வருத்தப்பட்டாள். ஆனாலும் திரும்ப அந்த மேஜையில் உட்காரவைத்து யாராவது எழுத்துக் கேட்டிருந்தால் மறுபடியும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

மார்ச் கடைசி சனிக்கிழமை பத்து மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டது. ஷ்வேதா படியேறி வந்தாள். உள்ளே வந்ததும் பையிலிருந்து ஒரு நீல நிற ஃபைலை எடுத்து நீட்டினாள்.

"மிஸ் திருப்பிக் கொடுத்துட்டாங்க. படி."

பிரபா நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். யாரும் திருத்தாத தமிழ். ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் இருந்தது.

'இந்த கதையில் அம்மாவுக்கு மந்திரம் போட்டு விட்டார்கள். அதனால் போனாள் என்று ஆசிரியர் சொல்கிறார். எனக்கு அது சரி என்று தோன்றவில்லை. மந்திரம் இல்லாமல் அம்மாவே போனாள் என்று எழுதினால் படிக்கும் பிள்ளைகள் கோவித்து கொள்வார்கள் என்று ஆசிரியர் பயந்து விட்டார். உண்மைதான், நானும் கோவித்து கொண்டேன். ஆனால் மந்திரம் இல்லாவிட்டாலும் மரிக்கொழுந்து தீவுக்கு போய் இருப்பாள். கோவமாக போய் இருப்பாள். போகாமல் இருந்திருக்க மாட்டாள்.'

ஓரத்தில் தமிழ் மிஸ் பச்சை மையில் 'நன்று! சந்திப்பிழைகளைக் கவனி' என்று எழுதியிருந்தார்.

பிரபா கடைசி வரியை மறுபடி படித்தாள். போகாமல் இருந்திருக்க மாட்டாள். அப்படியென்றால்? இரண்டாவது அறையில் போடக் கட்டில் வாங்க வேண்டும், ஜன்னலுக்குத் திரை மாற்ற வேண்டும், காலையில் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வேண்டும். வாக்குக் கொடுத்ததெல்லாம் மறந்துபோய், "அப்போ நீ..." என்று தொடங்கியேவிட்டாள்.

"நான் அப்பாவோட வைசாக் போறேன்."

கட்டிலும் திரையும் போன இடம் தெரியவில்லை. பிரபா ஃபைலை மூடி மார்போடு வைத்துக்கொண்டாள். "சரிடா" என்றாள். "அப்பா பாவம். தனியா இருப்பார்."

"அதுக்கு மட்டும் இல்ல. நான் அப்பாகிட்ட கேட்டேன், உன்னை நிஜமாவே அனுப்பறாங்களா, நீ கேட்டு வாங்கினியான்னு. ஆர்டரைக் காட்டுன்னு சொன்னேன். காட்டினார். நானே படிச்சேன். நிஜமாவே அனுப்பறாங்க." மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவர் கேக்கலை. நீதான் கேட்டு வாங்கத் தெரிஞ்சவ. இப்பவும் கேளு."

"எதை?"

"வைசாக்."

பிரபா அவளையே பார்த்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவள் எத்தனையோ வேண்டிக்கொண்டாள். மகள் இங்கே தங்க வேண்டும், மகள் தன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மகள் மன்னிக்க வேண்டும். தான் கிளம்பிப் போவது என்று ஒன்று இருப்பதே மனதில் எழவில்லை. அவளுடைய அலுவலகத்துக்கு வைசாக்கில் ஒரு கிளை உண்டு. ஒவ்வொரு மாதமும் அதற்குப் போகிற தபால் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகிறது. கேட்டு வாங்கிக்கொண்டு போனால் சீனியாரிட்டி போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் கீழே, பட்டியலின் கடைசியில் பெயர் இருக்கும். ஷில்லாங்கில் நான்கு வருடம் கொடுத்து வாங்கியது அத்தனையும் ஒரு கையெழுத்தில் காலி.

"அது அவ்வளவு சுலபம் இல்ல கண்ணு. காலி இடம் இருக்கணும். மேல..."

"அப்போ மட்டும் சுலபமா இருந்துதா?"

அப்போது அது மிகவும் சுலபமாகத்தான் இருந்தது. அரைப்பக்க விண்ணப்பம். ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"கேக்கறேன்" என்றாள் பிரபா.

"சொல்லாத. எழுது. நான் பாக்கணும்."

அலமாரியிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு வந்து பிரபா எதிரே உட்கார்ந்தாள். அலுவலக ஆங்கிலம் அவளுக்கு அத்துப்படி. பொருள், பார்வை, 'பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்' எல்லாம் கை தானாக எழுதியது. சொந்த விருப்பத்தின் பேரில் விசாகப்பட்டினம் கிளைக்கு மாற்றல் கோருகிறேன். சீனியாரிட்டி இழப்புக்குச் சம்மதிக்கிறேன். அந்த வரியில் பேனா ஒரு கணம் நின்றது, பிறகு எழுதிவிட்டது. காரணம் என்ற இடத்தில், எல்லோரும் எழுதுகிற மாதிரி, 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதினாள்.

ஷ்வேதா தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படித்தாள். ஆங்கிலம் என்பதால் விரல் வைக்கவில்லை.

"இது என்ன காரணம்? சொந்தக் காரணம்னா என்ன?"

"அப்படித்தான்டா எழுதுவாங்க."

"அதை அடி. என் பேரை எழுது."

இப்படி ஒரு விண்ணப்பத்தைப் பார்த்தால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். பதில் வர மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகலாம். இடம் இல்லை என்றே வரலாம். பிரபா அந்த வரியை அடித்தாள். மேலே நெருக்கி எழுதினாள்: என் மகள் ஷ்வேதா, வயது பன்னிரண்டு, விசாகப்பட்டினத்தில் வசிக்கிறாள். எதிரே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிற பெண் வேறோர் ஊரில் வசிக்கிறாள் என்று தன் கையாலேயே எழுத வேண்டியிருந்தது, எழுதினாள்.